துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு பிரசவம்

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. உடம்புக்கு ஏதாவதா, ஆசிரியரோடு சண்டையா என்று சிலர் அக்கறையாக விசாரித்திருந்தீர்கள். இரண்டும் இல்லை. வீட்டில் பிரசவம். என் மகள் நித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நான் தாத்தா ஆகிவிட்டேன்.

வாழ்த்தை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன். முதலில் கொஞ்சம் உட்கார விடுங்கள். இடுப்பு விட்டுப்போயிருக்கிறது.

ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது ஒரு பிரசவம் மட்டும் இல்லை. நித்யாவுடையது ஆஸ்பத்திரியில், டாக்டர் கையில், முறையாக நடந்தது. மற்றவை வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் நடந்தன. எத்தனை என்று எனக்குத் தெரியாது... பெற்றவளுக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

பெருச்சாளியைச் சொல்கிறேன்.

என் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அந்தக் காலம் முழுக்க என் மனைவி சரோஜா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை இல்லை, பட்டுப்புடவை இல்லை... பின்பக்கம் கொஞ்சம் மண். ஒரு முருங்கை வைக்க, ஒரு வாழை வைக்க, வெயிலில் துணி காயப்போட.

ரிட்டயர் ஆனதும் வேலப்பன்சாவடி பக்கம் நூம்பலில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். சரோஜாவுக்கு மண் கிடைத்தது. மண்ணைத் தோண்டுகிறவர்களும் கூடவே குடிவந்தார்கள்.

நித்யாவுக்கு வளைகாப்பு முடித்து, ஓசூரிலிருந்து இங்கே அழைத்துக்கொண்டு வந்த அதே வாரம்தான் அந்த மண்மேட்டைப் பார்த்தேன். துவைக்கிற கல்லை ஒட்டி, புதுசாக, ஈரமாக, ஒரு கூடை மண். முதல் நாள் அங்கே அது இல்லை. யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போல இருந்தது.

பக்கத்து வீட்டு ஏழுமலை காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். ஏழுமலை இந்த ஊர்க்காரர். அவருடைய பெற்றோர் இங்கே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எந்த விஷயத்துக்கும் அவரிடம் உடனடியாக ஒரு பதில் இருக்கும். அது சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"இன்னா சார், பெருச்சாளி பூந்துகிச்சா?"

"பெருச்சாளிதானா?"

"பின்ன? மண்ணைப் பாருங்க சார், எப்டி தள்ளிக்கீது! கடா பெருச்சாளி சார் இது. ஒண்டிக்கட்ட. ஒண்ணே ஒண்ணுதான் கீது. மருந்து கேக்கு ஒண்ணு வாங்கியாந்து தரேன், வச்சி உடுங்க. மேட்டர் ஓவர்."

சமையலறை ஜன்னலிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

"கொல்றதெல்லாம் கூடாது!"

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் உயிர்க்கொலை கூடாது. அவள் புருஷன் கோழி அறுக்கக் கூடாது, பூசணிக்காய் உடைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் கீழ் இப்போது என் வீட்டு வாசல் முதல் பின்பக்கக் காம்பவுண்டு வரை எல்லா ஜீவராசிகளும் பாதுகாப்புக்குள் வந்துவிட்டன.

"கரப்பான்?" என்று கேட்டேன்.

"விளக்குமாத்தால தள்ளி வெளிய விடுங்க."

"கொசு?"

சரோஜா ஒரு நிமிடம் யோசித்தாள். "கொசு கணக்குல வராது."

நியாயம்தான். நூம்பலில் கொசுவையும் கணக்கில் சேர்த்தால் மனிதன் வாழ முடியாது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்திருப்பேன். ஆனால் சிரிக்க முடியவில்லை. போன வருஷம் நித்யா முழுகாமல் இருந்தாள். ஐந்தாவது மாதத்தில் ஒரு ஸ்கேனில், குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டோம். சில சமயம் இப்படி ஆகும், குறிப்பாக ஒரு காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

டாக்டரால் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் உறவுக்காரர்கள் இருக்கிறார்களே!

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எங்கள் ஹாலில் உட்கார்ந்து தேடினார்கள். மாப்பிள்ளை சுவரில் ஆணி அடித்தாரா? டி.வி. மாட்டினார், ஆமாம். அவள் பப்பாளி சாப்பிட்டாளா? பஸ்ஸில் போனாளா? கிரகணத்தன்று வெளியே வந்தாளா? நித்யா உள்ளே படுத்திருந்தாள். கதவைச் சாத்தியிருந்தோம். தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

அதனால்தான் இந்த முறை சரோஜா ஒரு ஆணியைக்கூட விடுவதாக இல்லை. ஒரு பெருச்சாளியையும். அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான். நான் அதை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, எதிரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோமே என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

பெருச்சாளிக்குக் கர்ப்பகாலம் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். வளைகாப்பு வைக்கக்கூட நேரமில்லை. ஒரு ஈற்றில் எட்டு, பத்து என்று போடுமாம். பிறக்கும்போது கண் திறக்காத, முடியில்லாத குட்டிகள், ஒரு மாதத்தில் தானாகத் திரிய ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் இன்னும் சில மாதம் போனால், போன ஈற்றுப் பெண்ணே அம்மாவாகிவிடும். அம்மாவும் சும்மா இருக்க மாட்டாள். ஆக, நித்யா ஒன்றைச் சுமந்து முடிப்பதற்குள் கல்லுக்கு அடியில் இருப்பவள் பாட்டி ஆகிவிடலாம்.

வளைக்குள்ளே தனித்தனி அறைகள் இருக்குமாம். தானியம் சேர்த்து வைக்க ஒன்று. குட்டி போட ஒன்று. ஆபத்து வந்தால் ஓட ஒரு பின்வாசல். உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளுமாம். நான் கட்டிய வீட்டில்கூட பின்வாசல் கதவு சரியாகச் சாத்தாது.

ஏழுமலையிடம் இதைச் சொன்னேன்.

"அதெல்லாம் பொட்டைக்கு சார். இது கடா. நான் சொல்றேன்ல?"

கொல்லக்கூடாது. பிடித்து எங்காவது விடலாம். அதற்குச் சரோஜா அனுமதி கொடுத்தாள். பூந்தமல்லி போய்ப் பெரிய கம்பிக் கூண்டு ஒன்று வாங்கிவந்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது.

பெருச்சாளிக்குக் காது கேட்கும் என்பது சரோஜாவின் உறுதியான நம்பிக்கை. 'இன்னைக்குக் கூண்டு வைக்கப் போறோம்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அது வராது. ஆகவே எல்லாமே ஜாடைதான். கண்ணைக் காட்டினால் வடை. கையைக் கவிழ்த்துக் காட்டினால் கூண்டு. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் நான். அங்கேகூட இவ்வளவு ரகசியம் காத்ததில்லை.

மசால் வடையை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. கருவாடு வைத்த அன்று ஒன்று மாட்டியது. நல்ல பூனை அளவு. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து உர்ர் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நான்தான் இரண்டடி பின்னால் போனேன்.

ஏழுமலை எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா? கடா!" என்றார் வெற்றியோடு. இந்த ஒரு முறை மட்டும் அவர் சொன்னது சரி.

சரோஜா குங்குமத்தோடு வந்தாள். ஊதுபத்திக் குச்சியின் நுனியில் குங்குமத்தைத் தொட்டு, கம்பி வழியாக நீட்டி, எப்படியோ அதன் நெற்றியில் ஒரு தீற்றுத் தீற்றிவிட்டாள்.

"எதுக்கு?"

"பிள்ளையார் வாகனங்க."

"அது மூஞ்சூறு இல்லையா?"

"சொந்தக்காரங்கதானே. சும்மா அனுப்ப முடியுமா?"

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இருக்கிற நேரம். கூண்டின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே விடுவது? சென்னீர்குப்பம் பக்கம் போனால் ஹைவேயில் ஆள் நடமாட்டம். பின் தெருவைத் தாண்டி ஒரு காலி மனை இருக்கிறது. சீமைக் கருவேலம், குப்பை, இடிந்த ஒரு சுவர். பெருச்சாளிக்கு நல்ல லொகாலிட்டி.

தெரு முனையில் எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. பின் தெருவில் குடியிருக்கிற ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர். முகப்பழக்கம்தான். அவரும் கால் வைக்கிற இடத்தில் ஏதோ வைத்திருந்தார். அதன் மேல் ஒரு சாக்கு.

இரண்டு பேரும் வண்டியை நிறுத்தினோம்.

"என்ன சார், வாக்கிங்கா?" என்றார், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே.

"ஆமா சார். நீங்க?"

"நானும்தான்."

அவருடைய சாக்கு உர்ர் என்றது. என்னுடைய சாக்கு பதிலுக்கு உர்ர் என்றது. நாங்கள் இரண்டு பேரும் ஆகாயத்தைப் பார்த்தோம். மழை வரும் போலிருக்கிறது என்று நான் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். கிளம்பினோம். நான் அவர் வீட்டுப் பக்கத்துக் காலி மனைக்கு. அவர் என் வீட்டுப் பின்னால் இருக்கிற காலி மனைக்கு.

அந்த வாரமே எங்கள் கூண்டில் இன்னொன்று மாட்டியது. சரோஜா குங்குமத்தோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதன் நெற்றியில் ஏற்கெனவே காய்ந்துபோன சந்தனம் இருந்தது.

"நான் சந்தனம் வைக்கலையே!"

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. "பாவம், அவங்க வீட்ல யாரு முழுகாம இருக்காங்களோ" என்றாள்.

இப்படியே போயிற்று. பிடிப்பது, பொட்டு வைப்பது, கொண்டுபோய் விடுவது, திரும்பி வருவது. அல்லது அதன் தங்கை வருவது. எனக்கு அலுத்துவிட்டது. காலையில் எழுந்ததும் மண்வெட்டியோடு பின்பக்கம் போய் வளைகளை அடைப்பேன். ஒரு வாசலை அடைத்தால் வாழைக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்திருக்கும். துவைக்கிற கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காம்பவுண்டுச் சுவரில் விரல் நுழைகிற அளவு விரிசல். இந்த வயதில் மனிதன் என்ன கேட்கிறான்? காலையில் ஒரு காபி, ஒரு பேப்பர். எனக்குக் கிடைத்தது மண்வெட்டி.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. பிறக்கப்போகிற குழந்தைக்கென்று முன்கூட்டியே புதுத்துணி வாங்கக் கூடாது அல்லவா? சரோஜா என் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துண்டுகளாக்கிக்கொண்டிருந்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டிகள். வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடியில் காயப்போடுவாள். சாயங்காலம் எடுக்கும்போது ஒன்றிரண்டு குறையும்.

"காத்துல பறந்து எங்கயாவது போயிருக்கும்" என்பேன்.

"கிளிப் போட்டிருந்தேனே" என்பாள்.

நித்யா இதையெல்லாம் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அதிகம் பேச மாட்டாள். வருகிறவர்கள் எல்லாம் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, அடுத்துச் சரோஜாவைப் பார்த்து, 'ஜாக்கிரதையா இருக்கீங்கல்ல?' என்று கேட்பார்கள். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒன்பதாம் மாதம் பிறந்து சில நாள் இருக்கும். சாயங்காலம் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. சரோஜா சாமிக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் முன்பக்கம் யாருடனோ போனில். தூறல் விழுந்ததும் நித்யா கொடியில் இருந்த துணிகளை எடுக்கப் போயிருக்கிறாள். பத்தடி தூரம். தினமும் நடக்கிற இடம்.

"அம்மா!" என்று ஒரு சத்தம்.

ஓடினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரை உள்வாங்கி, அவளுடைய வலது கால் முழங்கால் வரை மண்ணுக்குள் இருந்தது. மேலே பார்த்தால் நல்ல தரை. கீழே முழுக்கக் குடைந்து வைத்திருக்கிறது. நல்லவேளை, அவள் குப்புற விழவில்லை. கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கயிற்றில். ஒரு கை வயிற்றில். மடியெல்லாம் வேட்டித் துண்டுகள்.

அவள் அழவில்லை. "அசையலப்பா... உள்ள அசையல" என்றாள்.

ஏழுமலை சுவரேறிக் குதித்துத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். ஆட்டோ எப்படி வந்தது, சரோஜா எப்படி ஏறினாள், எதுவும் எனக்கு ஞாபகமில்லை. பூந்தமல்லி ரோட்டு டிராஃபிக்கில் ஏழுமலை ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, "புள்ளத்தாச்சிப்பா! கொஞ்சம் ஒதுங்குபா! நைனா, உனக்குக் கோடி புண்ணியம், நவுருபா!" என்று கத்திக்கொண்டே வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். சரோஜா என் கையைப் பிடித்திருந்தாள். போன வருஷமும் இதே மாதிரி ஒரு கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தோம். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன். சந்தனம் வைத்த, குங்குமம் வைத்த எல்லோரையும் சேர்த்துத்தான்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. டப்டப்டப்டப் என்று, வேகமாக, ரயில் போகிற மாதிரி. குழந்தையின் இதயத் துடிப்பு.

"பாப்பா நல்லா இருக்கு. பயத்துல அம்மாவுக்குத்தான் தெரியல. காலுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

சரோஜா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்?

மறுநாள் காலை. நித்யா காலில் கட்டோடு பின்வாசல் நாற்காலியில் இருந்தாள். உள்ளே படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. முந்தின நாள் வைத்த கூண்டை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதில் ஒன்று மாட்டியிருந்தது.

ஏழுமலை பாக்கெட்டில் மருந்து கேக்கோடு வந்தார்.

"இதுக்கப்புறமும் பாத்துகினு இருப்பியாக்கா? கூண்டுக்குள்ள ஒரு கேக்கு, வளையில ரெண்டு... இன்னியோட முடிச்சிர்லாம்." சொல்லிக்கொண்டே கூண்டுப் பக்கம் குனிந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "அட... இன்னா சார் இது, பொட்டை!"

பொட்டைதான். வயிறு தரையைத் தொட்டது. பால்காம்புகள் தடித்திருந்தன. மற்றவை மாதிரி அது கம்பியைப் பிடித்து உலுக்கவில்லை, உர்ர் என்று சீறவில்லை. ஒரு மூலையில் ஒருக்களித்துப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நித்யாவும் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் ஏழுமலையைப் பார்த்தேன். கொன்றால் என்ன ஆகுமோ? கொல்லாவிட்டால் இன்னும் எத்தனை குழி தோண்டுமோ? முடிவெடுக்கத் தெம்பில்லை எனக்கு.

நித்யாதான் பேசினாள்.

"போன தடவை நாம எதையும் கொல்லலையேப்பா."

பிறகு சரோஜாவைப் பார்த்தாள்.

"ஹால்ல உக்காந்து எல்லாரும் பேசினது எனக்குக் கேட்டுச்சும்மா. ஆணி, பப்பாளி, பஸ்ஸு... எல்லாம். நான் தூங்கல. எதுனாலன்னு நானும் ராத்திரி பகலா யோசிச்சேன். இப்ப நீங்க இதைக் கொல்லாம விடறீங்க. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, துணி எடுக்க நான் ஏன் போனேன்னு கேப்பாங்க. கொன்னீங்கன்னா, ஏன் கொன்னீங்கன்னு கேப்பாங்க. ரெண்டும் என் தலையிலதான் வந்து விழும். நீங்க கொல்லுங்க, விடுங்க, என்ன வேணா பண்ணுங்க. ஆனா என் வயித்தோட அதை முடிச்சுப் போடாதீங்க. என்னால தூக்க முடியலம்மா."

இத்தனை மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சரோஜா மகளிடம் போய், தலையை இழுத்துத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு அதைக் கொல்ல மனசு வரலடி. ஆனா அது என் மனசு. உனக்காகன்னு இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஏழுமலை மருந்தைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "எனக்கும் கை வரல சார். மாசமா கீது பாரு" என்றார். இத்தனை நாளாகச் சுவருக்கு மேல் நின்று வீரம் பேசியவர்! திருமழிசை தாண்டி, தன் கம்பெனிக்குப் பின்னால் வயல் பக்கம் விடலாம் என்று அவரே சொல்ல, அவருடைய பைக்கில் உட்கார்ந்து கூண்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க அது ஒரு சத்தமும் போடவில்லை. கதவைத் திறந்ததும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது. மெதுவாக நடந்து போயிற்று. இந்த முறை அதற்குப் பொட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்ததும் கடப்பாரை போட்டுத் துவைக்கிற கல்லைப் புரட்டினோம். இனி ஒருத்தர் கால் உள்ளே போகக் கூடாது. செங்கல் ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடைக்க வேண்டும். தோண்டத் தோண்ட, படித்த அத்தனையும் அங்கே இருந்தது. ஒரு அறையில் அரிசி, உடைந்த முருங்கை விதை, என் வீட்டு நிலக்கடலை. பின்வாசல், ஏழுமலை வீட்டுச் சுவருக்கு அடியில். நடுவில் அகலமாக ஒரு அறை.

அந்த அறையில் என் வேட்டி இருந்தது.

கொடியிலிருந்து காணாமல் போன துண்டுகள். நார் நாராகக் கிழித்து, வட்டமாகச் சுற்றி, நடுவில் குழி வைத்து ஒரு மெத்தை. பச்சைக் கரை தெரிந்தது. சரோஜா வெந்நீரில் போட்டு, வெயிலில் காயவைத்து எடுத்த அதே துணி. அடுத்த ஈற்றுக்கு எல்லாம் தயாராக இருந்தது.

சரோஜா குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"மெத்துனு பாத்துதான் எடுத்திருக்கா" என்றாள்.

அந்தத் துணியை அவள் குப்பையில் போட விடவில்லை. முருங்கைக்கு அடியில் புதைக்கச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அப்புறம் நாள் நெருங்கி, வலி எடுத்து, ஒரு மத்தியானம் பேத்தி பிறந்தாள். நல்ல எடை. நல்ல குரல். என் மிச்ச வேட்டியில்தான் இப்போது படுத்திருக்கிறாள். அவளுக்கும் வேட்டி மெத்தென்று இருக்கிறது போல. நன்றாகத் தூங்குகிறாள், பகலில் மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வந்தார். சுவருக்கு மேல் தலையை நீட்டவில்லை. கேட்டைத் திறந்து, வாசல் வழியாக, கையில் ஒரு டப்பா ஜாங்கிரியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன விசேஷம்?" என்றேன்.

என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். "மருமவ முழுகாம கீது சார். யாராண்டயும் சொல்லிடாதீங்க, மூணு மாசம் ஆவட்டும்."

கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் போகவில்லை. நெளிந்துகொண்டு நின்றார்.

"இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்ல சார்... பொம்பளைங்க சொல்றாங்க, இந்த டைம்ல ஊட்ல எதையும் கொல்லக் கூடாதாம்." குரலை இன்னும் இறக்கினார். கையைக் கவிழ்த்துக் காட்டினார். "பின்னாடி புச்சா மண்ணு தள்ளிக்கீது சார். ஒங்க கூண்டைக் கொஞ்சம் குடுங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அலுப்பும் வந்தது. அவர் பிடிப்பார். அவருடைய மனைவி பொட்டு வைப்பாள். கொண்டுபோய் விடுவார். எங்கே விடுவார்? என் வீட்டுப் பின்னால் இருக்கிற காலி மனையில்தான். இந்தத் தெருவில் பெருச்சாளிகளுக்கு இன்னும் ஏழெட்டு மாதம் எந்தக் கவலையும் இல்லை.

கூண்டை எடுத்துவர எழுந்தேன். அதற்குள் நித்யா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். நாங்கள் குசுகுசுவென்று பேசியது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"கூண்டை எடுத்துட்டுப் போங்க மாமா" என்றாள். "ஆனா எதுக்காகக் கொல்லாம புடிக்கிறீங்கன்னு மட்டும் உங்க மருமககிட்ட சொல்லிடாதீங்க."

ஏழுமலைக்கு முதலில் புரியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "சர்தாம்மா. எலி புடிக்கன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

பெருச்சாளிக்குக் காது கேட்கும் என்று வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நடமாடினோம். உள்ளே படுத்திருந்தவளுக்கும் காது கேட்கும் என்பதுதான் எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.